உங்களுக்குத் தெரியுமா? படிக்கப் படிக்கக் கூடும் வேலையின்மை

இலங்கையில் வேலையின்மை வீதம் மிக அதிகமாக இருப்பது பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவர்களிடம் அல்ல, க.பொ.த. உயர்தரமும் அதற்கு மேலும் படித்தவர்களிடம். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் அறிக்கைகளில் இது திரும்பத் திரும்ப வருகிறது.

• உயர்தர மாணவருக்குப் பயிற்சிப் பரீட்சை நடத்தும் தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் வினாத்தாளோடு மல்லுக்கட்டாத உயர்தர விஞ்ஞான மாணவரை வடக்கில் காண்பது அரிது. பல்கலைக்கழக வாசல்வரை அந்தப் பயிற்சி உதவும். அதற்கப்பால் வேறு கணக்கு.

• பழைய கதைதான். படித்த இளைஞர் எதிர்பார்க்கும் வேலையும் நாட்டில் உள்ள வேலையும் பொருந்தவில்லை என்று டட்லி சீயர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழில் அமைப்பின் குழு 1971இலேயே எழுதிவிட்டது.

• 2017இல் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தின் முன் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் போராடினார்கள். 2020இல் அரசு நாடு முழுவதும் ஏறத்தாழ 50,000 பட்டதாரிகளைப் பயிலுநராகச் சேர்த்தது. மாதக் கொடுப்பனவு 20,000 ரூபா. எந்த வேலைக்கு எத்தனை பேர் தேவை என்று முதலில் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

• அப்படி எண்ணிப் பார்ப்பவர்களும் உண்டு. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிபரப் பணியகத்தின் 2023–33 கணிப்பில், பதிவுபெற்ற தாதியருக்கு மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 194,500 வெற்றிடங்கள். அங்கே அதற்கு வழக்கமாக இளமாணிப் பட்டம் வேண்டும். இலங்கைத் தாதியரில் பெரும்பாலானோர் 3 ஆண்டு டிப்ளோமாவோடு வார்டுக்குப் போகிறார்கள்.