அப்பாவைப் பார்க்கப் போகும் குழந்தை

திண்டிவனத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் விழுப்புரம். பெரியவர்களுக்கு அது பக்கத்து ஊர். தாயும் தந்தையும் பிரிந்துவிட்ட வீட்டுக் குழந்தைக்கு அப்படி அல்ல.

தாய் திண்டிவனத்தில் இருக்கிறாள். தந்தை விழுப்புரத்தில். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை குழந்தையைத் தந்தையிடம் அனுப்ப வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவு. இப்படி ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். பிரிந்த கணவன்மார் எல்லோரும் கொடியவர்கள் அல்ல. ஆனால், குடித்துவிட்டுக் கை நீட்டுகிறவராக இருந்தால்? சனிக்கிழமை ராத்திரியே குழந்தைக்கு வயிற்றைக் கலக்கும்.

அனுப்பினால் பயம். அனுப்பாவிட்டால் கோர்ட்டு அவமதிப்பு. என்ன செய்வாள் தாய்?

பொம்மை அல்ல!

சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில், 1973-ம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது: பிள்ளைகள் பெற்றோரின் சொத்தும் அல்ல, விளையாட்டுப் பொம்மையும் அல்ல என்று.

2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. சந்திப்பினால் குழந்தைக்குத் தீங்கு வரும் என்று மாஜிஸ்திரேட்டு கருதினால், அதை அவர் மறுத்தே ஆகவேண்டும். 'மறுக்கலாம்' என்று அல்ல, 'மறுக்க வேண்டும்' என்றே 21-வது பிரிவு சொல்கிறது.

ஆனால் கோர்ட்டுக்குச் சொல்லாமல் தாமாகவே சந்திப்பை நிறுத்துவது ஆபத்து. பழி தாய்மேல் திரும்பும். உறவினர் ஒருவர் கூட இருக்க வேண்டும், ராத்திரி தங்கக் கூடாது, கோர்ட்டு வளாகத்திலேயே சந்திக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை கேட்டு மனுப் போடலாம்.

வாசலில் விசாரணை

குழந்தை திரும்பி வந்ததும் பல வீடுகளில் நடப்பது என்ன? செருப்பைக் கழற்றுமுன்பே குறுக்கு விசாரணை! "அப்பா என்ன சொன்னார்? அடித்தாரா?"

இது வேண்டாம். அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லக் குழந்தை பழகிவிடும். பிறகு அது உண்மையையே சொன்னாலும், "தாய் சொல்லிக் கொடுத்தது" என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே வரியில் அடித்துவிடுவார்.

முதலில் சோறு போடுங்கள். தானாகச் சொல்லட்டும். சொன்னதை அதே வார்த்தையில், தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். காயம் இருந்தால் அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டி, சீட்டு வாங்கி வையுங்கள். "அப்பா கெட்டவர்" என்று சொல்ல வேண்டியதில்லை. "அடித்தது தப்பு. உன்மேல் தப்பு இல்லை" என்றால் போதும். ஜீவனாம்சப் பாக்கியைக் குழந்தையின் வாயால் கேட்கச் சொல்கிற தாய்மார்களும் உண்டு. பாவம், அது என்ன தபால்காரனா?

உடனடி ஆபத்து என்றால் நோட்டும் பேனாவும் உதவாது. 1098-க்குப் போன் செய்யுங்கள். இரவு பகல் எந்நேரமும் பேசலாம், காசு கிடையாது. பாலியல் தொல்லை என்று சந்தேகம் வந்தால் நேரே போலீசுக்குப் போக வேண்டும். 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் மறைப்பது குற்றம்.

சந்திப்பு உத்தரவை மாற்ற, அதைப் போட்ட கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும். குடும்ப வன்முறைச் சட்டப்படி புது மனு என்றால், தாய் குடியிருக்கும் ஊருக்கான மாஜிஸ்திரேட்டு கோர்ட்டிலேயே போடலாம். திண்டிவனத்துத் தாய் விழுப்புரத்துக்கு அலைய வேண்டாம்.

வக்கீலுக்குப் பணம்? 1987-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சட்ட உதவி இலவசம். வருமானம் எவ்வளவு என்று கேட்பதில்லை. தாலுகா சட்டப்பணிகள் குழுவில் எழுதிக் கொடுத்தால் வக்கீலை அவர்களே அமர்த்துவார்கள்.