ஒரே முழங்காலை முதலிலிருந்து கடைசிவரை பார்க்க ஓராண்டு

கால்பந்து ஆடும் பதினேழு வயதுப் பெண் ஒருத்திக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஏசிஎல் எனப்படும் அந்த ஜவ்வைச் சீரமைக்கும் அறுவைச் சிகிச்சை ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். மறுபடி ஆட்டத்தில் இறங்கக் குறைந்தது ஒன்பது மாதம் ஆகும். அந்த மாதங்களில் அவளைத் தேற்றும் கைகளை எப்படிப் பழக்குவது? அமெரிக்கா கண்டிருக்கும் வழிகளில் ஒன்று, அத்லெட்டிக் ட்ரெய்னர்களுக்கான ரெசிடென்சி என்னும் மேற்பயிற்சி.

அத்லெட்டிக் ட்ரெய்னர் அங்கே தேர்வெழுதிச் சான்றிதழ் பெற்ற மருத்துவப் பணியாளர். காயம் வராமல் காப்பது, அடிபட்ட இடத்திலேயே கவனிப்பது, தேற்றி ஆட்டத்துக்கு அனுப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. இவர்களுக்கான தேசியச் சங்கம் 1950இல் உருவானது. 2023 ஜனவரி 2 அன்று சின்சினாட்டியில் ஆட்டத்தின் நடுவே அமெரிக்கக் கால்பந்து அணியான பஃபலோ பில்ஸின் வீரர் டமார் ஹாம்லினின் இதயம் நின்றபோது, களத்திலேயே சிபிஆர் செய்தவர் அணியின் துணை அத்லெட்டிக் ட்ரெய்னர் டென்னி கெல்லிங்டன். நாடே அதைத் தொலைக்காட்சியில் பார்த்தது. இந்தத் தொழிலின் இன்னொரு பாதி சிகிச்சை அறைக்குள் மாதக்கணக்கில் நடக்கிறது. அதற்குப் பார்வையாளர்கள் கிடையாது.

முழங்காலுக்கே திரும்புவோம். அறுவை முடிந்ததும் தொடையின் முன்தசை சொன்ன பேச்சைக் கேட்காது. நோயாளி சோம்பேறி என்று பொருளில்லை. மூட்டு வீங்கியிருக்கும்போது நரம்பு மண்டலமே அந்தத் தசைக்குப் போகும் தூண்டுதலைக் குறைத்துவிடுகிறது. முதல் வேலை வீக்கத்தை வடியவைப்பது, காலை முழுதாக நீட்டவைப்பது, தசையை மறுபடி எழுப்புவது. இதற்கிடையில் கிழிந்த ஜவ்வுக்குப் பதிலாகப் புதிதாகப் பொருத்திய ஒட்டு முதல் சில மாதங்களில் வலுவிழந்து, பிறகுதான் மெல்ல ஜவ்வின் இயல்பைப் பெறுகிறது. அந்தச் சமயத்தில் வலி குறைந்திருக்கும், நடை சீராகியிருக்கும், ஓட ஆசையும் வந்திருக்கும். உள்ளே வலுவில்லாத நேரமும் வெளியே துணிச்சல் வரும் நேரமும் ஒன்றாக அமைந்துவிடுவதுதான் ஆபத்து.

அவசரத்தின் விலை என்ன என்பதை டெலவேர்–ஆஸ்லோ ஆய்வுக் குழு 2016இல் வெளியிட்ட முடிவுகள் காட்டின. ஒன்பதாம் மாதம் வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மீண்டும் காயம்படும் வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. தசைவலு, ஒற்றைக்கால் தாவல் உள்ளிட்ட சோதனைகளில் தேறாமல் திரும்பியவர்களில் 38.2 சதவீதம் பேருக்கு முழங்காலில் மறுபடி அடிபட்டது. தேறித் திரும்பியவர்களில் 5.6 சதவீதம் பேருக்குத்தான். ஆய்வில் பங்கேற்றவர்கள் 106 பேர் மட்டுமே. ஆனாலும் இடைவெளி இவ்வளவு பெரிதாக இருக்கும்போது, "இன்னும் ஒரு மாதம் பொறு" என்று சொல்லத் தெரிந்தவர் பக்கத்தில் இருப்பது எவ்வளவு முக்கியம் என்று புரிகிறது.

அதைச் சொல்லும் தெளிவு எங்கே கிடைக்கும்? இத்தொழிலுக்கு முதுநிலைப் பட்டமே நுழைவுத் தகுதி என்று 2015இல் முடிவாகி, இளநிலைப் படிப்புகளில் புதிய சேர்க்கை 2022இல் நின்றது. பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு. தலைக்காயம், வெப்பத்தாக்கு, எலும்பு முறிவு, மனநலம் என்று அத்தனையும் அதற்குள் அடங்கவேண்டும். முழுநேரக் களப்பயிற்சி ஒன்று கட்டாயம். அதற்கு விதித்திருக்கும் குறைந்தபட்ச அளவு தொடர்ந்து நான்கு வாரம். மாணவர் ஓரிடத்தில் மூன்றாம் வாரத்து முழங்காலைப் பார்க்கிறார், வேறோரிடத்தில் ஏழாம் மாதத்து முழங்காலை. இரண்டும் வேறு வேறு ஆட்களுடையவை. ஒரே நோயாளியைக் கடைசிவரை கூட இருந்து பார்க்கும் வாய்ப்பு அவருக்கு அரிது.

ரெசிடென்சி அடைக்க முயல்வது இந்த ஓட்டையைத்தான் என்பது என் கருத்து. குறைந்தது 12 மாதம் நடக்கும் பயிற்சி அது. சேர்பவர் ஏற்கெனவே சான்றிதழ் வாங்கியவர். சம்பளத்தோடு தன் நோயாளிகளைத் தானே கவனிக்கிறார், அனுபவசாலி ஒருவரின் வழிகாட்டலில். இத்தொழிலின் கல்வியை அங்கீகரிக்கும் ஆணையம் வகுத்துள்ள எட்டுச் சிறப்புத் துறைகளில் மறுவாழ்வுச் சிகிச்சையும் ஒன்று. அறுவை அரங்கில் நின்று ஒட்டு பொருத்தப்படுவதைப் பார்த்தவருக்கு, மூன்றாம் மாதத்தில் எதற்குத் தடைபோடுகிறோம் என்பது கைக்கே தெரிந்திருக்கும். ஆராய்ச்சிக் கட்டுரைகளை அலசுவதும், தன் நோயாளிகள் எப்படித் தேறினார்கள் என்ற தரவுகளைச் சேர்த்துக் கேள்விக்கு உட்படுத்துவதும் பயிற்சியின் பகுதி. அந்தப் பெண்ணின் தசைவலு திரும்பிய பிறகும் பயம் போகாமல் இருக்கலாம். ஆட்டத்துக்கு மனம் தயாரா என்பதை அளக்க 2008 முதல் தனிக் கேள்வித்தாளே இருக்கிறது. அதில் குறைந்த மதிப்பெண் வந்தால் அடுத்து என்ன செய்வது என்பது, மாதக்கணக்கில் அவளை அறிந்தவருக்கே ஓரளவு பிடிபடும்.

தொழில் செய்ய இந்த ஓராண்டு கட்டாயமில்லை. முதுநிலைப் படிப்புக்குக் கடன் வாங்கிய இளைஞர், பயிற்சிக்கால ஊதியத்துக்கு இன்னும் ஓராண்டு இருக்கத் தயங்குவது நியாயமே. இடங்களும் மிகக் குறைவு. அதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் சுமார் மூன்றில் ஒன்றுக்கு அத்லெட்டிக் ட்ரெய்னரே இல்லை என்று 2019இல் வெளியான ஆய்வு கூறியது. கிழிந்த ஜவ்வோடு அங்கே படிக்கும் பிள்ளைக்கு, நகரத்து மருத்துவமனையில் வளரும் இந்தத் திறமையால் பயனில்லை. ஓராண்டுப் பயிற்சியில் வாரத்துக்குச் சில நாள்களையாவது அத்தகைய பள்ளிகளுக்கு ஒதுக்கி, அதற்கான செலவை ரெசிடென்சி நடத்தும் மருத்துவமனைகளே ஏற்கவேண்டும்.