விசிட் விசாவில் போகும் மணமகள்

"மாமா, விசிட் விசாவில போய், அங்க நிண்டுக்கிட்டு ஸ்பவுஸ் விசாவுக்கு மாறேலாதா?" என்று தங்கச்சியின் மகள் கேட்டாள். மாப்பிள்ளை லண்டனில், பிரித்தானியப் பிரஜை. நிகாஹ் இங்கேதான் நடந்தது, பதிவும் இருக்கிறது.

மாறேலாது என்றேன். விசிட்டராகப் போனவர் அங்கிருந்தபடியே துணைவர் விசாவுக்கு மாற அந்நாட்டு விதி இடந்தருவதில்லை. திரும்பி வந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். கணவனைப் பார்க்கப் போவது பிழையல்ல. திரும்புவேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, மனதில் நிற்க நினைப்பதுதான் பிழை. விமான நிலையத்தில் பெட்டியையும் போனையும் பார்க்க அவர்களுக்கு அதிகாரமுண்டு. பிறப்புச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ் எல்லாம் கட்டிக்கொண்டு போகிறவளைச் சுற்றுலாப் பயணி என்று யார் நம்புவார்? பொய் நிரூபணமானால் 10 வருடம்வரை விசிட் விசா கிடைக்காது. துணைவர் விண்ணப்பத்திலும் அது குறுக்கே நிற்கும்.

இந்தக் குறுக்குவழியைத் தேட வைப்பது வருமான வரம்புதான். 18,600 பவுணாக இருந்தது, 2024 ஏப்ரல் 11 முதல் 29,000. கடையில் நிற்கும் பொடியனுக்கு இது அநியாயம் என்றே நானும் நினைக்கிறேன்.

சிலர் விசிட்டில் போய் அங்கே வீட்டில் நிகாஹ் முடிக்கிறார்கள். சாதாரண விசிட் விசாவில் திருமணம் பதிய முடியாது. அங்கு செய்த வெறும் நிகாஹ் சட்டப்படி திருமணமாகாது என்று இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் தீர்த்துவிட்டது. நாளைக்குப் பிரிவு வந்தால் மனைவி என்று சொத்தில் பங்கு கேட்கவும் வழியில்லை. இதைச் சொன்னபோதுதான் தங்கச்சியின் முகம் மாறியது.

பிள்ளை இப்போது ஆங்கிலச் சோதனைக்குப் படிக்கிறாள். மாப்பிள்ளை ஆறு மாதச் சம்பளச் சிட்டைக்காக இரவு வேலையும் பார்க்கிறார்.