ரத்தக்குழாய் மீள்தன்மை பெறுவது எப்படி?

இன்று பிறக்கும் குழந்தையின் மகாதமனியிலும், 80 வயதுப் பாட்டியின் மகாதமனியிலும் உழைப்பது ஒரே புரதம்: எலாஸ்டின். இதயத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் குழாய் விரிந்து மீள்வது அதனால்தான்.

எப்படி உருவாகிறது? குழாய்ச் சுவரின் மென்தசைச் செல்கள் ட்ரோபோஎலாஸ்டின் என்ற மூலப்புரதத்தைச் சுரக்கின்றன. செயல்படத் தாமிரம் தேவைப்படும் லைசில் ஆக்சிடேஸ் நொதி, அதை வலையாகப் பிணைக்கிறது. கருவின் கடைசி மாதங்களிலும் பிறந்த தொடக்க காலத்திலும் இந்த வேலை உச்சத்தில் இருக்கும்.

ஏன் பிறகு குறைகிறது? வளர்ந்தபின்னும் எலாஸ்டினுக்கான மரபணு வாசிக்கப்படுகிறது. ஆனால், அதிலிருந்து வரும் தூது ஆர்என்ஏ விரைவில் சிதைக்கப்படுகிறது. அதனால் புதுப் புரதம் அரிதாகவே உருவாகிறது.

இளமையில் நெய்த வலைதான் ஆயுள் முழுதும் உழைக்க வேண்டும். புகைப்பழக்கமும் கட்டுக்கடங்காத ரத்த அழுத்தமும் அதைச் சிதைக்கும். இரண்டையும் தவிர்ப்போம்.