பிரீத்தர் பில்டர்: மாட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஜொகூரில் காரை மாற்றியமைக்க விரும்பும் இளைஞர்களிடையே எஞ்சின் மேல் மாட்டும் சின்ன பிரீத்தர் பில்டருக்குத் தனி மோகம் உண்டு. அதனால் நன்மையா, தீமையா?

பெட்ரோல் எரியும்போது கொஞ்சம் வாயு பிஸ்டன் வளையங்களைத் தாண்டி, எண்ணெய் இருக்கும் கீழ்ப்பகுதிக்குள் கசியும். எரியாத பெட்ரோல் ஆவி, நீராவி, எண்ணெய்த் துளிகள் அதில் கலந்திருக்கும். பழைய கார்கள் அதை அப்படியே வெளியே விட்டன. காற்று மாசைக் குறைக்க 1960களில் அமெரிக்கக் கார்களில் பிசிவி வால்வு பரவலானது. அது அந்த வாயுவை உறிஞ்சி மீண்டும் எஞ்சினுக்குள்ளேயே எரிய அனுப்புகிறது.

அந்தக் குழாயைக் கழற்றி பில்டரை மாட்டினால், காற்று செல்லும் பாதையில் எண்ணெய்ப் பிசுக்கு படியாது. டர்போ கார்களுக்கு இது ஓரளவு பயன் தரும். மைவி, சாகா போன்ற அன்றாடக் கார்களில் வேகம் கூடிவிடாது.

பாதகங்களே அதிகம். உறிஞ்சும் விசை போய்விடுவதால் ஈரமும் பெட்ரோல் ஆவியும் உள்ளேயே தங்கி எண்ணெயைக் கெடுக்கும். பில்டர் வழியாக வெளியேறும் ஆவி ஏர்கோன் மூலம் காருக்குள் வரலாம். சிங்கப்பூர் செல்லும் பாலத்தில் நெரிசலில் காத்திருக்கும்போது பின்னிருக்கைப் பிள்ளைகளும் அதைத்தான் சுவாசிப்பார்கள். கழற்றிய துளையைச் சரியாக அடைக்காவிட்டால் எஞ்சின் தடுமாறும். எச்சரிக்கை விளக்கும் எரியும்.

பிசுக்குதான் தொல்லை என்றால், முதலில் பிசிவி வால்வைப் பட்டறையில் சோதிக்கலாம். குழாய்களைக் கழற்றிவிடாமல் இடையில் எண்ணெய் சேகரிக்கும் டப்பாவைப் பொருத்துவது அடுத்த வழி. அதை அவ்வப்போது காலி செய்ய வேண்டும். புகை அதிகம் வந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம். அதற்கு பில்டர் மருந்தல்ல.