இரு நாடுகளுக்கு ஒரு மன்னர்

மாறுவேஷத்தில் நகர் சோதனைக்குச் சென்ற அரசர்களின் கதைகளை நம் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ருமேனியா தேசத்திலும் அப்படியொரு கதை வழங்குகிறது. அளவில் மோசம் செய்யும் கடைக்காரனைக் கையுங்களவுமாய்ப் பிடிக்க, மன்னர் ஒருவர் சாதாரணக் குடியானவனைப்போல் சந்தைக்கு வந்தாராம். கதை எவ்வளவு தூரம் மெய்யோ, மன்னர் மெய்யானவரே. அலெக்ஸாந்துரு இயோன் கூஸா என்பது அவர் பெயர்.

1859-ம் வருஷத்துக்கு முன் ருமேனியா என்றொரு ராஜ்யம் கிடையாது. மால்டேவியா, வலாக்கியா என்னும் இரு சிற்றரசுகள் துருக்கி சுல்தானுக்குக் கப்பம் கட்டி வந்தன. ஒரே பாஷை பேசிய ஜனங்கள் ஒன்றுசேர விரும்பினர். ஆனால், 1858-ல் பாரிஸில் கூடிய வல்லரசுகள், இரண்டுக்கும் தனித்தனி மன்னர், தனித்தனிச் சபை என்று விதித்துவிட்டன. அந்த இரு மன்னரும் வெவ்வேறு மனிதராயிருக்க வேண்டுமென்று மட்டும் விதிக்கவில்லை! தேசபக்தர்களுக்கு அது போதுமாயிருந்தது. அந்நாட்டுப் பழைய பஞ்சாங்கப்படி 1859 ஜனவரி 5-ந் தேதி மால்டேவியா, கர்னல் கூஸாவைத் தேர்ந்தெடுத்தது. 24-ந் தேதி வலாக்கியாவும் அவரையே தேர்ந்தெடுத்தது. வல்லரசுகள் வேறு வழியின்றி அங்கீகரித்தன. 1862-ல் இரு சபைகளும் புகாரெஸ்ட் நகரில் ஒன்றாயின.

முடி சூடியதோடு கூஸா திருப்தியடையவில்லை. தேசத்து நிலத்தில் ஏறக்குறையக் கால் பங்கு மடங்களின் வசமிருந்தது. அவற்றில் பலவற்றின் வருமானம் வெளிநாட்டுப் புண்ணிய ஸ்தலங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1863-ல் அந்நிலங்களை அரசாங்கம் ஏற்றது. அடுத்து, குடியானவர்களுக்கு நிலம் அளிக்க மன்னரும் மந்திரி கொகல்னிச்சானுவும் முனைந்தனர். மிராசுதார்கள் நிறைந்த சபை மறுத்தது. கூஸா 1864-ல் சபையைக் கலைத்து, ஜனங்களின் வாக்கைக் கேட்டு, சட்டத்தை நிறைவேற்றினார். வெட்டி வேலை ஒழிந்தது. 4 லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள், தவணையில் விலை செலுத்தும் நிபந்தனையுடன், நிலம் பெற்றன. அவ்வருஷமே ஆரம்பக் கல்வி இலவசமும் கட்டாயமும் ஆயிற்று.

சபையைக் கலைத்துத் தாமே அதிகாரம் செலுத்தியது அவருக்குப் பகைவரைப் பெருக்கிற்று. நிலமிழந்த பிரபுக்களும், சுதந்திரம் பறிபோயிற்றென்ற மிதவாதிகளும் கைகோத்தனர். 1866 பிப்ரவரியில் ஒரு நள்ளிரவு, ராணுவ அதிகாரிகள் அரண்மனைக்குள் புகுந்து ராஜிநாமாவில் கையெழுத்து வாங்கினர். கூஸா படை திரட்டவில்லை. தேசத்தை இரண்டுபடுத்த மனமின்றி வெளியேறினார். ஜெர்மன் இளவரசர் கரோல் அரியணை ஏறினார்.

1873-ல் ஹைடல்பர்க் நகரில் கூஸா காலமானார். அவருடைய ருஜினோஸா கிராமத்தில் நடந்த சவ அடக்கத்துக்குக் குடியானவர்கள் திரண்டு வந்தனர். ஆண்டது ஏழே வருஷம். ஆனால், அவர் தந்த ஒற்றுமையைப் பின்வந்தவர் எவரும் திரும்ப வாங்க முடியவில்லை. ஜனவரி 24-ந் தேதியை ருமேனியர் இன்றும் தேசிய விடுமுறையாகக் கொண்டாடுகிறார்கள். மன்னரொருவருக்கு இதைவிட மேலான ஞாபகச் சின்னம் உண்டென்று நமக்குத் தோன்றவில்லை.