வேலைக்கு வழி – 6: தெரிந்தவர், தெரிந்த தொழில், கையிலுள்ள சான்றிதழ்

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தமிழருக்கு வேலை வாங்கித் தந்தது முதலில் ஆள் பழக்கம்தான். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிந்தபின், ஆள் சேர்க்கும் வேலை பெரும்பாலும் கங்காணி கைக்குப் போனது. தோட்டத்தில் வேலை பார்த்தவனே கங்காணியாகி, உரிமச் சீட்டோடு சொந்த ஊருக்குப் போய் உறவு, சாதி, பக்கத்துத் தெரு என்று ஆள் திரட்டி வருவான். கூட்டி வந்தவர்கள் வேலைக்கு இறங்க இறங்க அவனுக்குத் தலைக்காசு. உதவி பெற்ற குடியேற்றத்தை இந்திய அரசு 1938இல் தடை செய்ததும் அந்த வழி அடைபட்டது. யாழ்ப்பாணத்துக்காரர்கள் வந்த வழி வேறு. மிஷன் பள்ளி ஆங்கிலம் அவர்களை ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் குமாஸ்தாக்களாக உட்கார வைத்தது. அங்கும் முன்னே வந்த அண்ணன் பின்னே தம்பிக்குத் தகவல் சொன்னான்.

பழக்கம் எப்படி வேலை தருகிறது என்பதை அளந்து பார்த்தவர் அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர். பாஸ்டன் அருகே நியூட்டன் என்னும் ஊரில் 282 பேரிடம் கேட்டு, 1974இல் நூலாக வெளியிட்டார். 56 விழுக்காட்டினர் தெரிந்தவர் வழியாகவே வேலை பெற்றிருந்தனர். ஆனால் அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்தவர்கள் ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு அவர் எப்போதாவது எதிர்ப்படும் பழைய சகா. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். புதிய செய்தி தள்ளியிருப்பவரிடமிருந்தே வரும்.

இன்றைய சிங்கப்பூரில், புக்கிட் பாஞ்சாங்கில் ஒரே அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கி வாசலில் மூன்று விதமான தமிழர் எதிர்ப்படலாம்: ஐ.டி.இ. தொழிற்கல்விக் கழகத்தில் படித்து முடித்த உள்ளூர் இளைஞர், வாடகைக்கு இருக்கும் சென்னைப் பொறியாளர், அங்கே பழுது பார்க்க வந்த, ‘வொர்க் பெர்மிட்’ அனுமதியில் வேலை செய்யும் தொழிலாளி. மூவருக்கும் விதிகள் ஒன்றல்ல.

உள்ளூர்க்காரருக்குச் சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனம் எம்ப்ளாய்மெண்ட் பாஸ் என்னும் நிபுணர் வேலை அனுமதியில் வெளிநாட்டவரை எடுக்குமுன், அரசின் மைகரியர்ஸ்ஃபியூச்சர் வேலைத் தளத்தில் பொதுவாக 14 நாள் விளம்பரம் செய்ய வேண்டும். நாடாளுமன்றம் 2025 ஜனவரியில் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம் இனம், வயது, பாலினம், குடியுரிமை முதலியவற்றைப் பார்த்து ஆளை ஒதுக்குவதைத் தடுப்பதற்கானது. ஆள் தெரிந்திருப்பது அந்தப் பட்டியலில் இல்லை, சிபாரிசு குற்றமாகிவிடவில்லை.

பொறியாளரின் கணக்கு சிக்கலானது. 2023 செப்டம்பர் முதல் புதிய எம்ப்ளாய்மெண்ட் பாஸ் விண்ணப்பங்களுக்கு ‘காம்பஸ்’ புள்ளிமுறை. சம்பளம், படிப்பு, நிறுவனத்தில் உள்ள நாட்டினக் கலப்பு, உள்ளூர் ஊழியர் விகிதம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் 0, 10 அல்லது 20. தேறுவதற்கு 40 தேவை. மனிதவள அமைச்சின் பட்டியலில் உள்ள உயர்தரப் பல்கலைக்கழகப் பட்டம் என்றால் படிப்புக்கு 20. சான்றிதழ் அசல்தானா என்பதற்கும் சரிபார்ப்புச் சான்று கேட்கிறார்கள். நாட்டினக் கலப்பில்தான் வேடிக்கை. 25 அல்லது அதற்கு மேற்பட்ட நிபுணர், மேலாளர்கள் உள்ள நிறுவனத்தில் அவர்களில் கால்வாசிப் பேர் விண்ணப்பதாரரின் நாட்டவராகவே இருந்தால் பூச்சியம். ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவென்றால் முழு 20. ‘நம்மாளுங்க நிறைய இருக்காங்க’ என்று நண்பர் அழைக்கும் நிறுவனமே பாஸ் கிடைக்கக் கடினமான இடமாகிவிடலாம்.

பெர்மிட்டில் வரும் கட்டுமானத் தொழிலாளிக்கு எல்லாம் ஊரிலேயே தொடங்குகிறது. பிளம்பிங்கோ டைல்ஸோ ஒரு வேலையை எடுத்து, தமிழ்நாட்டிலுள்ள மையத்தில் பயிற்சி பெற்று ‘டெஸ்ட் அடித்து’த் தேற வேண்டும். அடுத்து ஏஜெண்ட். காசு கொடுத்து வாங்கும் பழக்கம் அது. உரிமம் பெற்ற சிங்கப்பூர் ஏஜென்சி தொழிலாளியிடம் அதிகம் போனால் இரண்டு மாதச் சம்பளமே வாங்கலாம். ஊரில் கைமாறும் தொகைக்கு அந்த வரம்பு எட்டாது. டிப்ளமோ முடித்தவரும் இந்த வழியில் வருகிறார். பெர்மிட்டில் வந்தபின் அந்தப் படிப்புக்குப் பெரும்பாலும் விலையில்லை.

அனுபவத்துக்கு விலை உண்டு, அதுவும் வெள்ளிக் கணக்கில். 2024 ஜனவரி முதல் அடிப்படைத் திறன் கொண்ட இந்தியக் கட்டுமானத் தொழிலாளிக்கு முதலாளி அரசுக்குக் கட்டும் மாத லெவி 900 வெள்ளி. உயர்திறன் பெற்றவருக்கு 500. மாதம் 400 மிச்சம் என்பதால், பழகிய கையை மேல்நிலைக்கு ஏற்ற முதலாளிக்கே அக்கறை வந்துவிடுகிறது.

பழக்கம் இங்கே வேறு உருவில் திரும்ப வருகிறது. பெர்மிட் முடிய 40 நாள் இருக்கையில் தொடங்கி 21 நாள் வரை, கட்டுமானத் தொழிலாளி இப்போதைய முதலாளியின் சம்மதமின்றியே இன்னொரு கட்டுமான நிறுவனத்துக்கு மாறலாம். அந்தச் சில நாள்களுக்குள் எந்த கம்பெனி ஆள் எடுக்கிறது, எங்கே ஓவர்டைம் பணம் ஒழுங்காக வருகிறது என்பது தெரிந்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில், ஊருக்குப் பணம் அனுப்பும் கடை வரிசையில் நிற்கும் வேற்று கம்பெனிக்காரரிடம் அந்தத் தகவல் கிடைக்கும். ஒரே தங்குவிடுதியில் ஒரே முதலாளியிடம் இருக்கும் அறைத் தோழருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

முன்பெல்லாம் திறன்நிலை, துறை, நாடு பொறுத்து 14 முதல் 26 ஆண்டுகளில் பெர்மிட் வாழ்க்கை முடிந்துவிடும். 2025 ஜூலை முதல் அந்த உச்சவரம்பு நீங்கியது. 63 வயது வரை வேலை பார்க்கலாம் என்றானது. இருபது ஆண்டு அனுபவத்தோடு ஊர் திரும்ப வேண்டியிருந்தவர் இனி அதைச் சொல்லியே அடுத்த முதலாளியிடம் சம்பளம் பேசலாம்.